செல்லாக் காசும் செல்லும் சொல்லும்

உலக வழக்கிலே ஒரு பொருள் மறைந்த பின்னரும் அதன் பெயர் மறையாது நிற்றல் உண்டு. அதற்கு நாணயப் பெயர்களைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. "கையில் சல்லிக்காசு இல்லை" என்று சொல்லும் மாணவன் சல்லியைக் கண்ணாற் கண்டவனல்லன். "அது தம்பிடி பெறாது" என்று ஒன்றை இகழ்பவர், தம்பிடிதான் எத்துணை பெறும் என்று அறிந்தவரல்லர். "துட்டு இருக்கிறதா?" என்று கேட்போர் அச்சொல் எத்துறையில் வந்திறங்கியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இக்காலத்தே பணமானது கண்ணுக்குப் புலனாகாத உருக்கொண்டு கைப்பேசி வழியே கைமாறுகின்றது. ஆயினும் அதனைக் குறிக்க நாவில் வழங்கும் சொற்கள் இன்னும் செம்பும் வெள்ளியும் பொன்னுமாகவே இருக்கின்றன.

இவற்றைக் கொச்சை மொழியென்று ஒதுக்குவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. இச்சொற்களின் பொருள் அறிதல் எளிது. எல்லாம் 'பணம்' என்றே பொருள்படும் என்று அமைந்துவிடலாம். மதிப்பு அறிதலே அரிது. ஓர் ஊரில் ஓர் ஆண்டில் ஒரு பெயருக்கிருந்த மதிப்பு வேறோர் ஊரில் வேறோர் ஆண்டில் இருந்ததில்லை. பெயரொன்றே என்று கண்டு மதிப்பும் ஒன்றே என்று கொண்டால் பழமொழியும் பிழைபடும்; கல்வெட்டும் பிழைபடும்; மருந்தும் பிழைபடும். கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம் செல்லும் சிறு தொலைவே இப்பாடத்தைக் கற்பதற்குப் போதுமானது. அவ்வழியே செல்லுமுன், நம் பாட்டன்மார் அறிந்திருந்த கணக்கை முதற்கண் நினைவுகூர்வோம்.

அணாக் கணக்கு

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவிற்கு நான்கு காலணா. ஒரு காலணாவிற்கு மூன்று தம்பிடி. ஆகவே ஓர் அணாவிற்குப் பன்னிரண்டு தம்பிடியும், ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடியும் ஆயின. தம்பிடி என்னும் சொல் தெலுங்கிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அதனைப் 'பை' என்றனர். அந்நாணயம் 1942ஆம் ஆண்டு வரையே அச்சிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்பைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1943 முதல் 1947 வரை நடுவிற் பெருந்துளையுடைய காலணா வெளிவந்தது. மக்கள் அதனை 'ஓட்டைக் காலணா' என்றனர். சிறுவர் அதனைக் கயிற்றிற் கோத்து விளையாடினர்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் ரூபாய் நூறு பைசாவாகப் பகுக்கப்பட்டது. பழைய பைசா என்னும் காலணா ரூபாய்க்கு 64 ஆதலின், மயக்கம் நேராவண்ணம் புதியதனை 'நயா பைசா' என்றனர். 1964இல் அவ்வடைமொழி நீக்கப்பட்டது. அணா அரசாங்கக் கணக்கினின்று நீங்கியும் மக்கள் வாக்கினின்று நீங்கவில்லை. இருபத்தைந்து பைசாவை 'நாலணா' என்றும், ஐம்பது பைசாவை 'எட்டணா' என்றும் அதன்பின் பிறந்தவர்களும் வழங்கினர். இருபத்தைந்து பைசா நாணயமே 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு செல்லாதாயிற்று. எனினும் அற்பமானதொன்றை 'நாலணா சமாசாரம்' என்பாரை நாம் இன்றும் காண்கின்றோம்.

ரூபாயின் பதினாறில் ஒரு பங்கே அணா. நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் வீசம் என்றும் பெயர். ஆதலின் தமிழ்க் கணக்கன் அணாவை அயலாகக் கருதவில்லை. அது அவனுடைய மாகாணிக்குள் அடங்கிவிட்டது. 'பதினாறணாவும் உண்மை' என்பது முழு ரூபாய் போன்று குறைவற்ற உண்மை என்பதாம்.

கடலூர்த் துறையில் துட்டு

இனிக் கடலூருக்கு வருவோம். ஊரை அடுத்துள்ள தேவனாம்பட்டினத்தில், செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்று, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் வாணிகம் செய்ய வந்தனர். அவர்தம் நாட்டில் வழங்கிய சிறு செப்புக் காசு ஒன்றிற்கு 'டொய்ட்' என்று பெயர். நம் 'துட்டு' என்னும் சொல்லை அதனோடு இயைத்துக் காட்டுவர் அகராதியார். வடக்கே அணித்தேயுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 'புதுச்சேரி' என்று தமிழெழுத்தே பொறித்துச் செப்புக் காசு அடித்தனர். அதனை அவர்கள் 'தூதூ' என்றழைத்தனர். கன்னடத்திலும் துட்டு என்னும் சொல் பணத்தையே குறிக்கும். இங்ஙனம் ஒரு சிறு செப்புக் காசின் பெயர் கடற்கரை நெடுகப் பரவிப் பின்னர்ப் பொதுவாகப் பொருட்செல்வத்தைக் குறிக்கலாயிற்று.

ஆங்கிலக் கும்பினியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றுப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லைக்குட்பட்ட ஊர்கள் எல்லாம் அவ்விற்பனையில் அடங்கின. அவை 'குண்டுக் கிராமங்கள்' எனப்பட்டன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது இக்கோட்டையே சில ஆண்டுகள் கும்பினியின் தென்னாட்டுத் தலைமையிடமாக விளங்கிற்று.

அக்கும்பினியார் சென்னை இராசதானிக்கென இங்கிலாந்தில் செப்புக் காசுகள் அச்சிடுவித்தனர். 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த அக்காசுகளில் பத்துக் காசு, இருபது காசு என்னும் வகைகள் உண்டு. பத்துக் காசைத் துட்டு என்றும், இருபது காசை டப்பு என்றும் அக்காலக் கணக்குகள் குறிக்கும். தெலுங்கில் இன்றும் 'டப்பு' என்றால் பணந்தானே! இக்காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் 1809ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரத்து மணற்றிட்டிலேயே மூழ்கியது. நம்மவர் கடைத்தெருவில் கைமாறியிருக்க வேண்டிய அச்செப்புக் காசுகள் 175 ஆண்டுகள் கடலடியிற் கிடந்து, 1980களிலே மூழ்குவோரால் மேலே கொணரப்பட்டன.

பரங்கிப்பேட்டையும் வராகனும்

கடலூரிலிருந்து தெற்கே செல்லும் வழியில் உள்ளது பரங்கிப்பேட்டை. பறங்கியராகிய போர்ச்சுகீசியர் அதனைப் 'போர்ட்டோ நோவோ', அஃதாவது புதுத்துறை என்றனர். முகமதிய வணிகர் மகமூது பந்தர் என்றனர். ஓர் ஊருக்கு மூன்று பெயர் வழங்கிய அவ்விடத்தில் பலவகை நாணயமும் வழங்கியதில் வியப்பில்லை. அத்துறையின் பெயராலேயே 'பரங்கிப்பேட்டை வராகன்' என்னும் பொன் நாணயம் ஒன்று இருந்தது.

வராகன் என்பது பன்றியுருவம் பொறித்த பழம் பொற்காசுகளால் வந்த பெயர். பின்னர் அவ்வுருவம் நீங்கியும் பெயர் நின்றது. சென்னையில் வழங்கியது நட்சத்திர வராகன். அதன் ஒரு புறத்தே திருமால் உருவமும், மறுபுறத்தே சிறுமணிகள் பரவிய நடுவில் ஒரு விண்மீனும் இருக்கும். பரங்கிப்பேட்டை வராகனோ மாற்றுக் குறைந்தது. இரண்டும் வராகனே; எனினும் சராபுக் கடையில் இரண்டிற்கும் ஒரே விலை கிடைத்திராது. 'நூறு வராகன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தவன் எவ்வராகன் என்று எழுதாது விட்டால் அவன் வீட்டிற்கு வந்தபின் அழவேண்டியதே. 

கும்பினிக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. 1818இல் வெள்ளி ரூபாயே சென்னை இராசதானியின் நாணயம் என்று ஆக்கப்பட்டபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வரையறுத்தனர். எனவே ஒரு ரூபாய்க்கு 12 பணம். ஒரு பணம் என்பது ஓர் அணா நான்கு தம்பிடி. ஐந்து காசு சேர்ந்தது ஒரு தம்பிடி. இக்கணக்கைச் சிக்கல் என்று வெறுத்தல் ஆகாது. எண்பதில் ஒரு பங்குக்குத் தமிழில் 'காணி' என்று பெயருண்டன்றோ? காசு என்பது பணத்தில் ஒரு காணி. திண்ணைப் பள்ளியில் கீழ்வாய் இலக்கம் ஓதிய சிறுவனுக்கு இஃது எளிய கணக்கே.

பணம் எங்கும் ஒருதன்மைத்தாயிருந்ததில்லை என்பதை மறத்தல் கூடாது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்பது கணக்கு. ஆகவே அங்குள்ள ஒரு பணத்தைக் கொண்டு சென்னையில் ஒன்றரைப் பணத்திற்கு மேற்பட்ட பொருளை வாங்கலாம். பெயரைக் கேட்டு நாட்டைக் கேளாதவன் ஏமாறுவான்.

தில்லையும் பழங்காசும்

சிதம்பரத்தை அடைந்தால் 'காசு' என்னும் சொல்லின் பழம்பெருமை விளங்கும். இன்று மிகச் சிறியதற்குப் பெயராயுள்ள காசு, சோழர் காலத்தில் பொன் நாணயம். முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுக்களில் ஒரு காசு அரைக் கழஞ்சுப் பொன்னாகக் கொள்ளப்படும். அஃதாவது இரண்டு கிராமுக்கு மேற்பட்ட பொன். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று முதலீடு செய்தமை காண்கிறோம். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது இன்றைய பேச்சு. பிற்காலத்திலோ காசு செம்பாயிற்று. கும்பினியார் நாளில் 960 காசு ஒரு ரூபாயாயிற்று. ஆங்கிலத்தார் நம் சிறு நாணயத்தைக் குறிக்க வழங்கிய 'காஷ்' என்னும் சொல்லும் இத்தமிழ்ச் சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்றதாம். சீனத்துச் செப்புக் காசுக்கும் அவர் அப்பெயரையே இட்டனர்.

நாணயத்தின் மதிப்பு பெயரிலில்லை, மாற்றில் உள்ளது என்பதைத் தில்லையிற் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணமும் உணர்த்தும். கடலூர் மாவட்டத்துத் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்திற் சுந்தரர் பன்னீராயிரம் பொன் பெற்று, அதில் மச்சம் என்னும் சிறு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, ஏனையதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்த பின்னரே ஏற்றார். 'ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல்' என்னும் வழக்கை அறிந்தவர் பலர். மச்சம் என்னும் சொல்லை மறந்தவரும் பலர். திருவீழிமிழலையிற் சம்பந்தர் பெற்ற காசிற்கு 'வாசி' இருந்ததென்பதும் இத்தகைய செய்தியே. வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது குறைவுக்காகக் கழிக்கும் வட்டம். அடியார் வரலாறேயாயினும் கடைத்தெருச் சொல்லின் மதிப்பு அறியாதவர்க்கு அது முற்றும் விளங்காது.

மதிப்பறியாமையின் தீங்கு

இவ்வளவும் பழங்கதையன்றோ, இதனால் நமக்காவது என்ன என்று மாணவர் வினவலாம். மூன்று காட்டுவோம்.

முதலாவது பழமொழி. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பதை எல்லாரும் அறிவர். பணம் என்பதற்குப் பொதுவாகச் செல்வம் என்று பொருள் கொண்டால் இப்பழமொழியில் கணக்கில்லை. கும்பினிக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: சுண்டைக்காய்க்கு நான்கு தம்பிடி, அஃதாவது ஓர் இருபது காசு நாணயம், அதனைச் சுமந்தவனுக்கு அத்தகைய நாணயம் மூன்று, முழுதாக ஓர் அணா. பழமொழி உடனே கடைத்தெருவில் நிற்கும். கூடையும் கூலியாளும் கண்முன் தோன்றுவர்.

இரண்டாவது மருந்து. நம் சித்த மருத்துவ ஏடுகளில் சரக்கின் அளவு பணவெடை, வராகனெடை என்று நாணயப் பெயரால் குறிக்கப்பெறும். பணவெடை அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. வராகனெடை நான்கு கிராமுக்குச் சற்று மிகுதி. ஆகவே எடைக் கணக்கில் ஒரு வராகனுக்கு ஒன்பது பணமும் நிரம்பாது. விலைக் கணக்கிலோ ஒரு வராகனுக்கு 42 பணம் என்று மேலே கண்டோம். எடை வேறு, விலை வேறு என்று அறியாத ஒருவன் விலை வாய்பாட்டைக் கொண்டு மருந்து நிறுப்பானாயின், அளவு ஏறக்குறைய ஐந்து மடங்கு தவறிவிடும். ஏட்டில் எழுதியிருப்பது பாஷாணமாயின் அதன் முடிவை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது ஏழையின் கணக்கு. 1957இல் நாணயம் மாறியபோது ஓர் அணாவிற்கு ஆறேகால் நயா பைசா ஆதலின், பின்னத்தை நீக்கி அரசாங்கம் ஒரு மாற்று வாய்பாடு வகுத்தது. அதன்படி காலணாவிற்கு இரண்டு நயா பைசா. ஓர் அணாவிற்கு ஆறு. ஓரணாவிற்கு ஒரு பொருளை ஒரே முறையில் வாங்கியவர் ஆறு கொடுத்தார். கையில் காசில்லாமல் காலணா காலணாவாக நான்கு முறை வாங்கியவர் எட்டுக் கொடுத்தார். வாய்பாட்டை வகுத்தவர் யாருக்கும் தீங்கு நினைத்தாரல்லர். எனினும் சிறு நாணயம் ஒழிந்தபோது அந்தச் சிறு சுமை சிறு நாணயத்தால் வாழ்ந்தவன் தலையிலேயே ஏறிற்று. ஒரு ரூபாயை 192 கூறாக்கிய மக்களை எள்ளி நகையாடுவோர் இதனைச் சிந்திக்க. ஒரு தம்பிடிக்கும் ஏதேனும் ஒரு பொருள் கிடைத்த நாளில்தான் தம்பிடி வேண்டியிருந்தது. 'தம்பிடி பெறாது' என்னும் சொல்லில் இகழ்ச்சி மட்டுமன்று, தம்பிடியையும் எண்ணிக் கொடுத்த ஒரு வாழ்வும் அடங்கியிருக்கிறது.

கடல் கடந்தும் இவ்வழக்குண்டு. இலங்கையிற் சிங்களவர் பணத்தைச் 'சல்லி' என்பர். நம் நாட்டில் காளையின் கொம்பில் முடிந்த சல்லிக்காசினால் சல்லிக்கட்டு என்னும் பெயர் வந்ததென்று கூறுவர். மலேசியத் தமிழர் அந்நாட்டு ரிங்கிட்டை 'வெள்ளி' என்கின்றனர். அதில் வெள்ளி சிறிதுமில்லை. ஆயினும் முன்னாளில் அவர் முன்னோர் கூலியாக எண்ணி வாங்கியது வெள்ளி நாணயம் என்பதை அச்சொல் மறவாது வைத்திருக்கிறது.

மாணவர்க்கு ஒரு பணி

தம்பிடி அச்சிடுவது நின்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதனைக் கையில் பிடித்துக் கடைக்கு ஓடிய சிறுவர் இன்று தொண்ணூறு அகவையை எட்டியவர். காசுகளைப் பொருட்காட்சிச் சாலைகள் காக்கும். அவற்றின் உலோகத்தையும் எடையையும் நூல்கள் உரைக்கும். ஆனால் கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் வடக்கு வீதியிலோ ஓர் ஓட்டைக் காலணாவிற்கு என்ன கிடைத்தது, அதனைத் தம் வீட்டில் என்ன பெயரால் வழங்கினர் என்பதை எந்தப் பொருட்காட்சிச் சாலையும் உரைக்காது. அதனை உரைக்க வல்லார் நம் இல்லங்களில் மூலையில் அமர்ந்திருக்கின்றனர். அவர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டும் இருக்கின்றனர்.

ஆகவே வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து நான்கு வினாக்களைக் கேட்டு எழுதிக்கொள்வாராக: அந்நாணயத்தை என்ன பெயரால் அழைத்தீர்கள்? அது எத்தனை தம்பிடி அல்லது எத்தனை காசு பெற்றது? எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில்? அதைக் கொடுத்து என்ன வாங்கினீர்கள்? பெயரை மட்டும் எழுதிவந்து மதிப்பை விட்டுவிடுதல் மச்சம் வெட்டாமல் பொன்னை ஆற்றில் இட்டது போலாகும். பின்னர் உரைத்துப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இராது.

காசு செல்லாதாகலாம், அரசாணை ஒன்றே அதற்குப் போதும். சொல்லைச் செல்லாதாக்க எவ்வரசாணையாலும் இயலாது. அதன் மதிப்பை நாம் மறந்தாலன்றி அது செல்லும். அம்மறதி நம் காலத்தில் நேராதிருக்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.